ஒற்றைத் தடப் பாலங்களின் நாட்டில்

நியூசிலாந்தின் தென் தீவில், மேற்குக் கரையை ஒட்டித் தெற்கே இறங்க ஒரே சாலைதான். ஆறாம் எண் நெடுஞ்சாலை. ஒரு பக்கம் டாஸ்மன் கடல், மறுபக்கம் தென் ஆல்ப்ஸ் மலை. மலைமேல் கொட்டும் மழையெல்லாம் ஆறாக இறங்கி, சாலையைக் குறுக்கே அறுத்துக்கொண்டு கடலுக்குப் போகிறது. அதனால் வழியெங்கும் பாலங்கள். அவற்றில் பல, ஒரு நேரத்தில் ஒரு பக்க வண்டி மட்டுமே போகக்கூடிய ஒற்றைத் தடப் பாலங்கள். பள்ளிக்கூட பஸ், பால் டேங்கர், ஆம்புலன்ஸ், மரம் ஏற்றிய லாரி, சுற்றுலா வந்தவர்களின் வாடகைக் கார், எல்லாவற்றுக்கும் இது ஒன்றே வழி.

2019 பிப்ரவரியில் மதுரையிலிருந்து போயிருந்த, ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியர் ஒருவர் இந்தச் சாலையில் கார் ஓட்டினார். பக்கத்து இருக்கையில் அவர் மனைவி. சட்டைப் பையில் தமிழ்நாட்டு லைசென்ஸ். கொடைக்கானல் மலைப்பாதையில் பல ஆண்டு ஓட்டிய கை அவருடையது. மலைச்சாலையைக் கண்டு அஞ்சுகிறவர் அல்ல. ஆனாலும் அந்தப் பயணத்தைப் பற்றிப் பேச உட்கார்ந்தால், பனியாறுகளையும் ஏரிகளையும் விட அந்த ஊர்க்காரர்கள் வண்டி ஓட்டும் விதத்தைத்தான் அவர் அதிகம் சொல்கிறார்.

சட்டம் அவரைத் தடுக்கவில்லை. அப்போதிருந்த விதிப்படி, வேறு நாட்டின் முழு லைசென்ஸ் வைத்திருப்பவர் நியூசிலாந்தில் வந்து இறங்கிய நாளிலிருந்து 12 மாதம் வரை அங்கே கார் ஓட்டலாம். லைசென்ஸ் நடப்பில் இருக்க வேண்டும். ஓட்டும்போதெல்லாம் அது கையில் இருக்க வேண்டும். அது ஆங்கிலத்தில் இல்லையென்றால் அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்போ, சர்வதேச ஓட்டுநர் அனுமதியோ கூடவே வேண்டும். தமிழ்நாட்டு ஸ்மார்ட் கார்டில் விவரங்கள் ஆங்கிலத்தில் இருப்பதால் அந்தத் தேவை அவருக்கு இல்லை. ஆனாலும் ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஆயிரம் ரூபாய் கட்டி, பாஸ்போர்ட், விசா நகல்களோடு மருத்துவச் சான்றும் கொடுத்து, ஓராண்டு செல்லுபடியாகும் அந்தச் சிறு புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டார்.

1949-ல் ஜெனீவாவில் உருவான ஐக்கிய நாடுகளின் சாலைப் போக்குவரத்து உடன்படிக்கைதான் அந்தப் புத்தகத்துக்கு ஆதாரம். இந்தியாவும் நியூசிலாந்தும் அதில் சேர்ந்த நாடுகள். என் நாட்டில் தேறியவரை உன் சாலையில் விடு, உன் நாட்டில் தேறியவரை என் சாலையில் விடுகிறேன் என்பது அதன் சாரம். மதுரையில் ஓட்டிப் பழகிய ஒருவரை, அவர் ஓட்டிப் பார்த்தே இராத ஒரு தேசம் இந்த ஒப்பந்தத்தின் பேரில் நம்புகிறது. அந்த நம்பிக்கையைப் பேராசிரியர் பெரிய விஷயமாக எடுத்துக்கொண்டார்.

அவருடைய மகள் கிறைஸ்ட்சர்ச்சில் வேலை பார்க்கிறாள். விமான நிலையத்திலேயே அவள் போட்ட முதல் நிபந்தனை: “அப்பா, இறங்கின கையோட ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. நல்லாத் தூங்கி எழுந்திரிங்க, அப்புறம் பாத்துக்கலாம்.” பிப்ரவரியில் நியூசிலாந்து கடிகாரம் இந்தியாவைவிட ஏழரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. அங்கே காலை எட்டு மணி என்றால் மதுரை உடம்புக்கு நள்ளிரவு பன்னிரண்டரை. ராத்திரி விமானத்தில் வந்து, காலையில் வாடகைக் காரை எடுத்து, அன்றே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டப் புறப்படுகிறவர்கள் அந்த நாட்டில் உண்டு. தூக்கக் கலக்கத்தில் சாலையின் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதே சிலருக்குக் குழம்பிவிடும். வலப்பக்கம் ஓட்டும் நாடுகளிலிருந்து வருகிறவர்களுக்கு அந்தக் குழப்பம் இரட்டிப்பு. இந்தியர்களுக்கு அந்த ஒரு சிரமம் இல்லை. அங்கேயும் இடப்பக்கம்தான், காரிலும் ஸ்டியரிங் வலப்பக்கம்தான்.

வாடகைக் கார் கம்பெனியின் கவுன்டரில் இருந்த இளைஞன் லைசென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சில கேள்விகள் கேட்டான். எந்தப் பக்கமாகப் போகப் போகிறீர்கள், எத்தனை மணி நேரத்தில் போய்ச் சேர நினைக்கிறீர்கள் என்பதுதான் அவன் கவலை. பிறகு இன்ஷூரன்ஸ். விபத்து நடந்தால் வாடகைக்கு எடுத்தவர் கையிலிருந்து போக வேண்டிய தொகையை அங்கே எக்செஸ் என்கிறார்கள். தினசரி வாடகை கூடக்கூட அந்தத் தொகை குறையும். எல்லாச் சாலைக்கும் அந்தப் பாதுகாப்பு கிடையாது. குயின்ஸ்டவுன் அருகே மலை விளிம்பில் போகும் ஸ்கிப்பர்ஸ் சாலையில் வாடகைக் காரை ஏற்றினால் இன்ஷூரன்ஸ் செல்லாது.

இந்தியரை வியக்க வைக்கும் இன்னொன்றும் உண்டு. நம் ஊரில் மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் வண்டியை வெளியே எடுக்க முடியாது. நியூசிலாந்தில் அது கட்டாயமே இல்லை. காரணம், 1974-ல் தொடங்கிய ஏ.சி.சி. என்ற பொது விபத்து இழப்பீட்டுத் திட்டம். யார் மேல் தப்பு என்று பார்க்காமல், அடிபட்டவரின் சிகிச்சைக்கு அது உதவுகிறது. சுற்றிப் பார்க்க வந்தவருக்கும் அந்த உதவி உண்டு. வந்து போகிறவரின் எலும்பு முறிந்தாலும் செலவில் பங்கு போட்டுக்கொள்ளும் நாடு, பதிலுக்கு என்ன கேட்கிறது என்பது சாலையில் இறங்கியதும் தெரிந்தது.

ஊர் எல்லையைத் தாண்டியதும் ஒரு வெள்ளை வட்டத்தில் கறுப்புச் சாய்கோடு போட்ட பலகை வந்தது. இஷ்டத்துக்கு ஓட்டலாம் என்று அதற்குப் பொருள் இல்லை. மணிக்கு 100 கிலோமீட்டர் என்பது அங்கே உச்சவரம்பு. ஊருக்குள் பொதுவாக 50. வளைவு வருமுன் மஞ்சள் பலகையில் 35, 45 என்று ஓர் எண் நிற்கும். அந்த வளைவுக்குப் பொருத்தமான வேகம் அதுதான் என்ற யோசனை. கொடைக்கானல் சாலையில் வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்துப் பழகியவருக்கு இங்கே ஹாரனுக்கு வேலையே இல்லை. எண்ணை நம்பி வேகத்தைக் குறைத்தால், எதிரே வருகிறவரும் அப்படியே குறைத்து, தன் தடத்தில் வருகிறார். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்க நிற்கும் பஸ்ஸைக் கடக்க, எந்தத் திசையில் போகிறவரானாலும், 20 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது. அகலமான நெடுஞ்சாலையில், எதிர்ப்பக்கம் போகிற கார்களும் ஊர்ந்துதான் போகின்றன.

கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து மேற்குக் கரைக்கு ஆர்தர்ஸ் கணவாய் வழியாகப் போனார்கள். 920 மீட்டர் உயரம். அதைத் தாண்டியதும் ஒட்டிரா பள்ளத்தாக்கில் சாலை விறுவிறுவென்று இறங்குகிறது. முன்பு சரிந்துகொண்டே இருக்கும் கல் சரிவில் வளைந்து வளைந்து போன பாதை அது. அதற்கு மாற்றாக 1999-ல் 440 மீட்டர் நீள உயர்பாலம் கட்டினார்கள். மேலே பார்வை மேடையில் காரை நிறுத்தியதும் கியா பறவைகள் வந்துவிட்டன. பச்சையும் பழுப்புமாக, கோழியளவுக் கிளிகள். கார் கண்ணாடியைச் சுற்றியிருக்கும் ரப்பரைக் கொத்தி இழுப்பதில் அவற்றுக்குத் தனி ஆசை. “என்னங்க, வைப்பரைப் பிடுங்குது பாருங்க” என்று மனைவி சொல்ல, இருவரும் அவசரமாக வண்டியை எடுத்தார்கள். குமாரா சந்திப்பில் ரவுண்டானாவின் நடுவே ரயில் தண்டவாளமே ஓடுகிறது. வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கு வழிவிடு என்பது ரவுண்டானா விதி. நம் சட்டத்திலும் சந்திப்புகளுக்கு அப்படித்தான் எழுதியிருக்கிறது. எழுதியபடியே நடப்பதை அவர் அங்கே பார்த்தார்.

ஹோகிடிகாவில் அன்றிரவு தங்கினார்கள். விடுதியை நடத்தும் அம்மாள் அறுபது வயதுக்காரர், அந்தக் கரையிலேயே பிறந்து வளர்ந்தவர். காலையில் டீ கொடுத்துக்கொண்டே அவர் சொன்னதைப் பேராசிரியர் இன்றும் சொல்லிக்காட்டுகிறார். “மெதுவாகப் போவதில் தப்பே இல்லை. ஊரைப் பார்க்கத்தானே வந்தீர்கள்! பின்னால் வண்டி சேர்ந்துவிட்டால் மட்டும் இடப்பக்கம் ஒதுங்கி வழி விடுங்கள். ஆஸ்பத்திரிக்குக் கிரேமவுத் போக எனக்கு இதே சாலைதான். என் பேத்தி பள்ளிக்கூடம் போவதும் இதில்தான்.”

அன்று முதல் பின்கண்ணாடி அவருக்கு முன்கண்ணாடியளவு முக்கியமாகிவிட்டது. மெது வண்டிகள் ஒதுங்குவதற்கென்றே சாலையோரம் அகலப்படுத்திய இடங்கள் அங்கங்கே உண்டு. முன்கூட்டியே பலகை சொல்லிவிடும். இண்டிகேட்டர் போட்டு ஒதுங்கினால், கடந்து போகிறவர் கையைத் தூக்கிக் காட்டுவார், இல்லையென்றால் ஹாரனை இரண்டு முறை மெல்லத் தட்டுவார். அந்த நாட்டில் அவர் கேட்ட ஹாரன் சத்தம் பெரும்பாலும் நன்றி சொல்லத்தான்.

ஒற்றைத் தடப் பாலங்களின் விதி எளிது. பாலத்துக்கு முன்னால் வட்டப் பலகை, சிவப்பு விளிம்பு, அதில் நம் பக்கத்து அம்பு சிறியதாகச் சிவப்பில் இருந்தால், எதிரே வருகிறவருக்கு முதல் உரிமை. நாம் நிற்க வேண்டும். நீலச் சதுரத்தில் நம் பக்கத்து அம்பு பெரிதாக வெள்ளையில் இருந்தால் உரிமை நமக்கு. ஆனால் எதிர்ப்பக்க வண்டி ஏற்கெனவே பாலத்தில் ஏறியிருந்தால் உரிமையைப் பேசிக்கொண்டிருக்காமல் காத்திருக்க வேண்டும். பலகை பார்க்கும் வேலையை மனைவி எடுத்துக்கொண்டார். “நீலங்க, போகலாம்.” “சிவப்புங்க, நாமதான் நிக்கணும்.” பாலத்தின் மறுமுனையில் ஒரு பால் டேங்கர் வந்தால், வெள்ளைக் கோட்டுக்குப் பின்னால் நிறுத்தி, அது கடந்து போகும் வரை இவர்கள் காத்திருப்பார்கள். டேங்கர்காரர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் ஆள்காட்டி விரலை மட்டும் உயர்த்துவார். பேராசிரியரும் உயர்த்துவார். நம் மலைச்சாலையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிடும் வழக்கம் போலத்தான் இதுவும் என்று அவர் சட்டென்று பிடித்துக்கொண்டார்.

இந்த இணக்கம் எப்போதுமே இருந்துவந்ததல்ல. வெளிநாட்டவர் ஓட்டிய கார்கள் தடம் மாறி மோதி உயிர்ப்பலி நேர்ந்ததும், தென் தீவு மக்களின் பொறுமை கரையத் தொடங்கியது. 2015-ன் தொடக்கத்தில், தாறுமாறாக ஓட்டிய சுற்றுலாப் பயணிகளின் வண்டியை மறித்து, ஊர்க்காரர்களே சாவியைப் பிடுங்கிக்கொண்ட சம்பவங்கள் அடுத்தடுத்து நடந்தன. போலீஸ் அப்படிச் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. வெளிநாட்டவருக்குத் தனித் தேர்வு வைக்க வேண்டும் என்ற குரலும் எழுந்தது. நாம் தேர்வு வைத்தால் நம் மக்களுக்கும் வெளிநாடுகளில் தேர்வு வைப்பார்களே என்பது அதற்கு எதிரான வாதம். ஜெனீவா உடன்படிக்கையின் கொடுக்கல் வாங்கல் அங்கே வந்து நின்றது.

சாவி பிடுங்கியவர்களின் கோபத்தைப் பேராசிரியர் தள்ளிவிடுவதில்லை. தன் தெருவில், தன் பிள்ளை போகிற நேரத்தில், வழி தெரியாத ஒருவர் எதிர்த் தடத்தில் வந்தால் யாருக்குத்தான் அடிவயிறு கலங்காது? அவர் மதிப்பது அந்த நாடு அதற்குத் தேடிய வழியை. 2014-லேயே ஒட்டாகோ, சவுத்லாந்து, மேற்குக் கரைப் பகுதிகளுக்காக, வந்து ஓட்டுகிறவர்களுக்கான சாலைப் பாதுகாப்புத் திட்டம் ஒன்று தொடங்கியிருந்தது. சாலையின் தார்மேல், இடத் தடத்தில், போகும் திசையைக் காட்டும் பெரிய வெள்ளை அம்புகள் வரைந்தார்கள். பார்வை மேடையிலிருந்தும் வண்டி நிறுத்தத்திலிருந்தும் வெளியே வரும் இடங்களில் அந்த அம்புகள் தவறாமல் இருக்கும். ஏனென்றால், நிறுத்திப் படம் எடுத்துவிட்டு வெறும் சாலையில் திரும்ப ஏறும்போதுதான் பழைய பழக்கம் ஆளைத் தவறான பக்கம் இழுக்கிறது. தடம் விலகினால் டயருக்கு அடியில் கரகரவென்று அதிரும் கோடுகளும் போட்டார்கள். வாடகைக் கார்களின் ஸ்டியரிங்கில் இடப்பக்கம் போகச் சொல்லும் அட்டை மாட்டினார்கள். பேராசிரியர் எடுத்த காரிலும் அது தொங்கியது. இடப்பக்கமே ஓட்டிப் பழகியவருக்கு அது தேவையில்லைதான். பயணம் முடியும்வரை அவர் அதைக் கழற்றவில்லை.

ஃபாக்ஸ் பனியாற்றைத் தாண்டித் தெற்கே போகப் போக ஊர்கள் அருகிவிட்டன. கைபேசியில் சிக்னல் போய்விட்டது. வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்திருந்தார்கள், பெட்ரோலும் நிரப்பியிருந்தார்கள். ஹாஸ்ட் ஆற்றுப் பாலம் வந்தது. ஏறக்குறைய முக்கால் கிலோமீட்டர் நீளம். அந்த நாட்டின் மிக நீளமான ஒற்றைத் தடப் பாலம். அத்தனை தூரத்தில் எதிரே வண்டி வந்தால் என்ன செய்வது? அதற்காகப் பாலத்தின் நடுவே ஒதுங்கி நிற்க அகலமான இடங்கள் விட்டிருக்கிறார்கள். கீழே சாம்பல் நிறக் கூழாங்கல் படுகை, அதில் பின்னிப் பின்னி ஓடும் நீலத் தண்ணீர். எதிரே டிரெய்லர் கட்டிய லாரி வருவதைப் பார்த்ததும் பேராசிரியர் ஒதுங்கும் இடத்தில் நிறுத்தினார். லாரி நெருங்கி வந்து வேகத்தைக் குறைத்தது. ஓட்டுநர் கண்ணாடியை இறக்கி, முன்னால் சாலையில் மாடுகள் வருகின்றன, பார்த்துப் போங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

1929-ல் வேலையில்லாத் திண்டாட்டக் காலத்தில் தொடங்கிய ஹாஸ்ட் சாலை, மேற்குக் கரையோடு முழுமையாக இணைந்தது 1965-ல்தான். இன்றும் மழை அதை ஆட்டிப் படைக்கிறது. 2013 செப்டம்பரில் டயானா அருவி அருகே நிலம் சரிந்து, கனடாவிலிருந்து சுற்றிப் பார்க்க வந்த ஓர் இணையரின் வண்டி ஆற்றுக்குள் போய்விட்டது. இருவரும் இறந்தார்கள். அதன்பின் நெடுங்காலம் இரவில் அந்தப் பாதையை மூடி வைத்திருந்தார்கள். காலையில் எழுந்ததும் சாலை நிலவரத்தைப் பார்த்துவிட்டே கிளம்ப வேண்டும் என்று மகள் படித்துப் படித்துச் சொன்னதன் பொருள் அந்த இடத்தைக் கடக்கும்போது இருவருக்கும் விளங்கியது.

கடைசிக் கட்டம் மில்ஃபோர்ட். குயின்ஸ்டவுனிலிருந்து 288 கிலோமீட்டர். வரைபடத்தில் பார்த்தால் காலையில் போய் மாலையில் திரும்பலாம் போலத் தோன்றும். நிற்காமல் ஓட்டினாலே ஒரு வழிக்கு நான்கு மணி நேரம் ஆகும். இவர்கள் வழியில் தே அனாவில் தங்கி, விடிந்ததும் புறப்பட்டார்கள். ஹோமர் சுரங்கப்பாதை 1935-ல் வேலையற்றோர் நிவாரணத் தொழிலாளர்கள் கடப்பாறையும் தள்ளுவண்டியுமாகத் தொடங்கியது, திறந்தது 1954-ல். 1.2 கிலோமீட்டர் நீளம், பத்தடிக்கு ஓரடி என்ற சரிவில் இறங்குகிறது. பெரிய பஸ்கள் எதிர் எதிரே கடப்பது கடினம் என்பதால் கோடைப் பருவத்தில் வாயிலில் சிக்னல் வைத்து ஒரு பக்கமாக மாற்றி மாற்றி விடுகிறார்கள். சிவப்பு விழுந்தால் சில நிமிடம் காத்திருக்க வேண்டும். யாரும் தடம் மாறி முன்னால் போய் நிற்கவில்லை. குளிர்காலத்தில் பனிச்சரிவு அபாயம் இருப்பதால், வண்டிகள் வரிசையில் நிற்காதபடி அந்த சிக்னலை அணைத்துவிடுகிறார்கள். ஒரு விளக்கு எரிவதற்கும் அணைவதற்கும் இத்தனை யோசனை இருப்பதைக் கேட்டு வேதியியல் ஆசிரியருக்குப் பிடித்துப்போயிற்று.

அவர்கள் ஊர் திரும்பியபின், மார்ச் 26 அன்று மகள் ஒரு வீடியோ அனுப்பினாள். ஃப்ரான்ஸ் ஜோசப் ஊரை ஒட்டிய வைஹோ ஆற்றுப் பாலம், அவர்கள் கடந்து போன அதே ஒற்றைத் தடப் பாலம், வெள்ளத்தில் முறிந்து மிதந்து போனது. அங்கிருந்து தெற்கே ஃபாக்ஸ் பனியாற்று ஊர் 25 கிலோமீட்டர்கூட இல்லை. பாலம் இல்லையென்றால் மலைத்தொடரைச் சுற்றிப் பல நூறு கிலோமீட்டர் போக வேண்டும். பள்ளிக்கூடம், பால் டேங்கர், விடுதிகள், எல்லாம் இரண்டு துண்டாகிவிட்டன. மூன்று வாரத்துக்குள், ஆயத்த இரும்புத் துண்டுகளை இணைத்துக் கட்டும் பெய்லி பாலம் ஒன்றைப் புதிதாக நிறுவிச் சாலையைத் திறந்துவிட்டார்கள். திறக்கும் வரை தம்பதி தினமும் அந்தச் செய்தியைத் தேடிப் படித்தார்கள். ஹோகிடிகா அம்மாள் சொன்ன ஒரே சாலை எது என்று அவர்களுக்குத் தெரியும்.

இப்போது மதுரையில் யாராவது நியூசிலாந்து போகிறேன், கார் ஓட்டலாமா என்று கேட்டால், பேராசிரியர் முதலில் லைசென்ஸைப் பற்றிப் பேசுவதில்லை. சிவப்பு வட்டத்தையும் நீலச் சதுரத்தையும் காகிதத்தில் வரைந்து கையில் கொடுக்கிறார். பிறகு பயணத் திட்டத்தை வாங்கிப் பார்த்து, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓட்டுவதாக எழுதியிருக்கிறது என்று கூட்டுகிறார். பெங்களூரில் வேலை பார்க்கும் அக்கா மகன் போன மாதம் அப்படி ஒரு திட்டத்தோடு வந்தான். காலையில் குயின்ஸ்டவுன், மதியம் மில்ஃபோர்டில் படகு, ராத்திரி திரும்ப குயின்ஸ்டவுன் என்று போட்டிருந்தான். “மாமா, ஹைவேதானே, ஓட்டிடலாம்” என்றான். “நீ ஓட்டிடுவடா. படகுல இறங்கி, களைச்சுப்போய், இருட்டுல வர்ற உன் எதிர்ல ஒரு குடும்பம் வரும்ல?” என்று கேட்டார் அவர். பையன் போனை எடுத்து அங்கேயே உட்கார்ந்து, தே அனாவில் ஒரு ராத்திரிக்கு அறை போட்டான்.